ஊருணி இருந்தும் தண்ணீர் எட்டவில்லை: செட்டிநாட்டுத் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் கேள்வி பதில்

ஒரு வாரமாக வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் தருகிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கானாடுகாத்தான் பக்கமிருந்து: அண்ணே, ஊர்ப் பொதுக்கணக்கில் கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் பங்காளிகளும் தருகிறோம் என்கிறார்கள். ஊருக்கென்று சின்னதாக ஒரு தீயணைப்பு வண்டி வாங்கி நிறுத்தலாமா?

வேண்டாம். வண்டி வாங்கப் பணம் புரண்டுவிடும், அதை வைத்துக் காப்பாற்றத்தான் புரளாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு இருக்கைக்கே மூன்றரை ஆள் வேண்டும். விடுப்பு, காய்ச்சல், நல்லது கெட்டது சேர்த்தால் 4 முதல் 5. ஓட்டுநர், பம்ப் இயக்குபவர், குழாய் பிடிக்க இருவர் என்று வைத்தாலும் 16 பேருக்குக் குறையாமல் மாதச் சம்பளம். ஆறு மாதம் ஓடாமல் நிற்கிற வண்டியில் பேட்டரி இறங்கும், பம்பின் சீல் காய்ந்து காற்று இழுக்கும், டயர் தட்டையாகும். தீ பிடித்த அன்றைக்குத்தான் இதெல்லாம் தெரியவரும்.

தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசின் துறை. 15-வது நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, தீயணைப்புத் துறைகளை விரிவாக்க 5,000 கோடி ரூபாய்க்கு ஒன்றிய அரசு 2023 ஜூலையில் ஒரு திட்டம் தொடங்கியது. நம் மாநிலம் 25 சதவீதம் தன் பங்காகப் போட வேண்டும். வண்டியும் நிலையமும் அந்த வழியில் வரட்டும். புது நிலையம் வேண்டும் என்று மனு கொடுப்பவர்கள் இடத்தையும் காட்டி மனு கொடுங்கள். இடம் இல்லாத மனு நகராது.

ஊர்ப் பணத்தைத் தண்ணீரில் போடுங்கள். வழக்கமான பெரிய வண்டியில் 4,500 லிட்டர் இருக்கும். குழாய் முனையில் மாட்டும் 20 மி.மீ. நாசிலில் 5 பார் அழுத்தத்தில் அடித்தால் நிமிடத்துக்கு 600 லிட்டர் போகும், ஏழரை நிமிடத்தில் தொட்டி காலி. 12 மி.மீ. நாசில் என்றால் 215 லிட்டர், இருபது நிமிடம் தாங்கும், ஆனால் பற்றி எரிகிற தேக்கு உத்திரத்துக்கு அது போதாது. அடுத்த தண்ணீர் எங்கே? நம் ஊர்களில் ஊருணி இல்லாத ஊர் எது? ஆனால் வண்டி அதன் அருகே போக முடிவதில்லை. தண்ணீர் நிரப்பிய வண்டி 15 டன்னுக்குப் பக்கம் வரும், கரை உள்வாங்கிவிடும்.

ஆகவே ஒரு பக்கக் கரையில், தெருவிலிருந்து நேராக வரும்படி, 4 மீட்டர் அகலத்தில் கருங்கல் ஜல்லி இறுக்கிக் கான்கிரீட் மேடை போடுங்கள். மேலே மரக்கிளையோ மின்கம்பியோ 4.5 மீட்டருக்குக் கீழே தொங்கக் கூடாது. பம்ப் தண்ணீரை உறிஞ்சும் உயரம் ஏட்டுக் கணக்கில் 10 மீட்டர், நடைமுறையில் 7. அந்த 7-ல்கூட வரத்து நன்றாகக் குறைந்துவிடும், 3 மீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. எனவே மேடையின் உயரத்தைச் சித்திரை, வைகாசித் தண்ணீர் மட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஐப்பசியில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். 100 மி.மீ. உறிஞ்சு குழாயின் வாய் தண்ணீருக்குள் 30 செ.மீ.க்குக் குறையாமல் மூழ்க வேண்டும், இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்று ஏறி பம்ப் உறிஞ்சுவதை விட்டுவிடும். சேறும் தாமரைக் கொடியும் உள்ள ஊருணியில் வடிகட்டியைச் சுற்றி மூங்கில் கூடை ஒன்றைக் கட்டி இறக்க வேண்டும். கூடை வாங்க நூறு இருநூறு ரூபாய், அது இல்லாவிட்டால் லட்ச ரூபாய் பம்ப் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது வேலை: ஊர் மேல்நிலைத் தொட்டியின் இறங்கு குழாயில் ஒரு கேட் வால்வும், தீயணைப்புக் குழாயை மாட்ட 63 மி.மீ. கப்ளிங்கும் வைக்கச் சொல்லி ஊராட்சியில் தீர்மானம் போடுங்கள். கப்ளிங்கை வாங்கும் முன் உங்கள் நிலைய அலுவலரிடம் காட்டி, அவர்கள் குழாயோடு கோர்த்துப் பாருங்கள். கடையில் கிடைக்கிற விவசாயக் கப்ளிங் அதில் பொருந்தாது.

பள்ளத்தூர், வீட்டைப் பார்த்துக்கொள்பவர்: வீடு இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. பூட்டியே கிடக்கிறது. தீப்பிடித்தால் எந்த வாசலைத் திறப்பது?

இரண்டையும் சேர்த்துத் திறக்காதீர்கள், அதுதான் முதல் விதி. முகப்பு வாசலும் பின்கட்டு வாசலும் ஒரே நேர்கோட்டில் இருப்பது கோடைக்கு வரம், தீக்கு ஊதுகுழல். காற்று வரும் பக்கத்திலிருந்து ஆட்கள் நுழைய வேண்டும். வீட்டு நடுவில் உள்ள வளவின் திறந்த முற்றம் புகையை மேலே விட்டுவிடும், அது நமக்குச் சாதகம். கட்டுக்குக் கட்டு, அதாவது வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் இடையே உள்ள கதவுகளைச் சாத்தி வையுங்கள். தேக்கு நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவில்தான் கரியாகும். கதவின் சட்டம் ஒரு மணி நேரம் நிற்கும், நடுப்பலகை மெல்லியது என்பதால் அதற்கு முன்பே ஓட்டை விழும். ஆனாலும் கிடைக்கிற அரை மணி நேரம் சின்ன விஷயம் இல்லை.

200, 300 அடி நீள வீட்டில் தெருவிலிருந்து மூன்றாம் கட்டுக்குக் குழாய் இழுத்தால் 90 மீட்டர் ஆகிவிடும். நிமிடத்துக்கு 600 லிட்டர் ஓடும்போது அந்த நீளத்தில் ஏறத்தாழ 1.5 பார் அழுத்தம் உரசலிலேயே போய்விடும், தூண்களைச் சுற்றி வளைத்தால் இன்னும் கூடும். ஆகவே வண்டியை எந்தத் தெருவுக்கு வரச் சொல்கிறோம் என்பதே பாதி வெற்றி. தொலைபேசியில் இரண்டு தெருப் பெயரையும் சொல்லி, "தீ பின்கட்டில், இந்தத் தெரு வழியாக வாங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் தீ தொடங்குவது பழைய ஒயரிங்கில். சுவரில் அடித்த மரச் சட்டத்துக்குள் ஓடும் துணி சுற்றிய ரப்பர் ஒயர் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது, ரப்பர் காய்ந்து உதிர்ந்திருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை முன்னோருக்கான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைத் திறந்து, அந்த ஒயரில் நாலு ஏசி, சீரியல் லைட், கிரைண்டர் மாட்டுகிறார்கள். விசேஷத்துக்குத் தனியாகப் புது லைன் இழுத்து, மின்கசிவு வந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள். பூட்டிப் போகும்போது மெயினை இறக்குங்கள். ஆர்சிசிபி கசிவைத்தான் பிடிக்கும், அதிகச் சுமையைப் பிடிக்காது. அதற்கு எம்சிபி வேண்டும், இரண்டும் வேண்டும்.

வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்களுக்கு ஒரு சொல்: ஜன்னலெல்லாம் இரும்புக் கம்பி. அறைக் கதவு ஒன்றுதான் வழி. ஒவ்வொரு அறையிலும் புகை அலாரம் வையுங்கள், பின்வாசலை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி செய்யுங்கள்.

தேவகோட்டை: கடையில் தீயணைப்பான் சிலிண்டர் வைத்திருக்கிறேன். வாங்கி ஆறு வருஷம். வேலை செய்யுமா?

சிலிண்டரின் அழுத்தமானியில் முள் பச்சையில் இருப்பது மட்டும் சாட்சி இல்லை. உள்ளே இருக்கும் ஏபிசி பவுடர் கீழே இறுகிப் படியும். மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து, பவுடர் நகரும் சத்தம் கேட்கிறதா பாருங்கள். பவுடர் வகைக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை, கார்பன் டை ஆக்சைடு வகைக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. ஆயுள் முறையே 10 ஆண்டு, 15 ஆண்டு. வெறும் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிட்டுப் போகிறவர்களிடம் சோதனைச் சான்றைக் கேளுங்கள். 6 கிலோ பவுடர் இருபது வினாடிக்குள் தீர்ந்துவிடும், எனவே 2, 3 மீட்டர் தூரத்தில் நின்று தீயின் அடியில் அடிக்க வேண்டும். கொழுந்தில் அடித்தால் வீண்.

காரைக்குடி, பலகாரம் செய்து விற்கும் ஒரு ஆச்சி: பெரிய இரும்புச் சட்டியில் 15 லிட்டர் எண்ணெய் காய்கிறது. பற்றிக்கொண்டால் தண்ணீர் வாளி போதுமா?

ஆச்சி, அந்த வாளியை முதலில் அடுப்படியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். எரிகிற எண்ணெயில் விழும் தண்ணீர் அடிக்குப் போய் ஆவியாகி 1,700 மடங்கு விரியும், எண்ணெயை நெருப்போடு கூரை வரை தூக்கி எறியும். செய்ய வேண்டியது: கேஸை அடைத்துவிடுங்கள், சட்டியை முழுதாக மூடும் தட்டையான இரும்பு மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள், அரை மணி நேரம் திறக்காதீர்கள். சீக்கிரம் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றும். சட்டியைத் தூக்கி வெளியே கொண்டுபோக நினைப்பதுதான் பெரிய தப்பு, தீக்காயப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர் அப்படித்தான் வருகிறார்கள். ஏபிசி பவுடர் கொழுந்தை அடக்கும், ஆனால் எண்ணெயைக் குளிர்விக்காது. இந்த அளவுக்கு வேலை நடந்தால் சமையல் எண்ணெய்க்கென்றே உள்ள 'கே' வகைத் தீயணைப்பான் ஒன்று வாங்கிவிடுங்கள்.

19 கிலோ சிலிண்டர்களைப் பள்ளமான இடத்திலோ மூன்றாம் கட்டின் மூலையிலோ அடுக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போய் அடுத்த அடுப்பைத் தேடும். சோப்பு நுரையால் கசிவு பாருங்கள், தீக்குச்சியால் பார்க்க வேண்டாம்.

புதுவயல்: வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஹோமமும் கீற்றும் ஒரே கூரைக்குக் கீழே வேண்டாம். 1997-ல் தஞ்சைப் பெரிய கோவில் யாகசாலைப் பந்தல் தீப்பிடித்ததை மறக்கக் கூடாது. ஒரே வாசல் என்பது அங்கே உயிரைக் குடித்தது. எதிரெதிரே இரண்டு வழி, நாற்காலிகள் வழியை அடைக்காமல். அவ்வளவுதான்.

கோட்டையூர் பக்கம் விவசாயி: பழைய கிணற்றில் மோட்டார் எடுக்க இறங்கியவர் மயங்கினால் என்ன செய்வது? மெழுகுவத்தி இறக்கிப் பார்த்தால் போதும் என்கிறார்கள்.

போதாது. பிராணவாயு 16 சதவீதம் அளவுக்குக் குறைந்தால்தான் சுடர் அணையும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் சுடரை அணைக்காமலே ஆளைக் கொல்லும். அழுகிய முட்டை வாடை அடித்து, பிறகு வாடை நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, மூக்கு மரத்துப்போய்விட்டது. டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவதும் இதே விளைவுதான்.

ஒருவர் விழுந்தால் அடுத்தவர் இறங்கக் கூடாது. இதை எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் தம்பிக்காக அண்ணன் இறங்கிவிடுகிறார், ஒரு சாவு மூன்றாகிறது. 101-ஐ அல்லது 112-ஐ அழைத்து "கிணறு, விஷவாயு" என்று சொல்லுங்கள், அப்போதுதான் மூச்சுக் கருவியோடு வருவார்கள். காத்திருக்கும் நேரத்தில் ஊதுகாற்று மோட்டார் இருந்தால் குழாயை அடி வரை விட்டு நல்ல காற்றை உள்ளே தள்ளுங்கள். வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்குவது காற்றைக் கலக்கும், ஆனால் இறங்கலாம் என்ற அனுமதி ஆகாது.

தீயணைப்பு வீரர்களின் மூச்சுக் கருவிக்கும் ஒரு எல்லை உண்டு: 6 லிட்டர் சிலிண்டர் 300 பாரில் 1,800 லிட்டர் காற்று. கடும் வேலையில் நிமிடத்துக்கு 40 லிட்டர் போனால் 45 நிமிடம். 50 பாரைத் தொட்டதும் விசில் அடிக்கும், அதற்குள் மேலே வந்தாக வேண்டும்.

நாச்சியாபுரம், அறக்கட்டளை: தீயணைப்பு வண்டி வேண்டாம் என்றால் ஊருக்கு ஆம்புலன்ஸ் கொடுக்கலாமா?

108 சேவை தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிறது, அதற்குப் போட்டியாக ஒன்று வேண்டாம். இடைவெளி இருப்பது ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பயணத்தில். காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 90 கி.மீ. கொடுப்பதென்றால் ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கான ஏஐஎஸ்-125 தரத்தில் 'சி' வகைக்குக் குறையாமல் இருக்கட்டும். 'பி' வகை படுக்க வைத்து ஏற்றிப் போக மட்டும்தான், உயிர்காக்கும் கருவி இருக்காது. வேனை வாங்கி உள்ளூர்ப் பட்டறையில் படுக்கை பூட்டினால் ஸ்ட்ரெச்சர் பூட்டு திருப்பத்தில் கழன்றுகொள்ளும்.

ஆக்சிஜன் கணக்கு: நிமிடத்துக்கு 15 லிட்டர், இரண்டு மணி நேரம், 1,800 லிட்டர். பஞ்சர், ரயில்வே கேட் எல்லாம் சேர்த்து ஒன்றரை மடங்கு வையுங்கள், 2,700. சின்ன 'பி' சிலிண்டரில் 1,500 லிட்டர்தான். நிலையாகப் பொருத்திய 7,000 லிட்டர் 'டி' சிலிண்டரும், மாற்றாக ஒரு 'பி'-யும் வேண்டும். சிலிண்டரைத் திறக்கும் கீயும் வாஷரும் கயிற்றில் கட்டித் தொங்கட்டும், இரவில் தேடினால் கிடைக்காது.

பணத்துக்கு: நிறுவனச் சட்டம் 2013-ன் 135-வது பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அவர்களிடம் கேட்கலாம். நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியிலும் ஆம்புலன்ஸுக்கு இடம் உண்டு, ஆனால் வண்டி மாவட்ட நிர்வாகத்தின் பெயரில் இருக்கும். எங்கே கேட்டாலும் ஐந்து வருஷ டீசல், சம்பளம், காப்பீட்டுக் கணக்கையும் சேர்த்து வையுங்கள். வண்டி விலை மட்டும் எழுதிய கடிதத்துக்கு வண்டி மட்டும்தான் வரும்.

குன்றக்குடி பக்கம், கிராமச் செவிலியர்: பழைய வீடுகளில் பாம்புக்கடி அடிக்கடி வருகிறது. அனுப்பும் முன் என்ன செய்வது?

கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, கடித்த காலை அசைக்காமல் பலகை வைத்துக் கட்டுங்கள், மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். வரும் வழியில் யாராவது இறுகக் கட்டியிருந்தால் அதைச் சட்டென்று அவிழ்க்காதீர்கள், மருந்து தயாரான இடத்தில் மெதுவாக அவிழ்க்க வேண்டும்.

ரத்தத்தை உறையவிடாத விரியன் விஷமா என்று பார்க்க 20 நிமிட ரத்தச் சோதனை: 2 மி.லி. புது ரத்தம், சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம். பிளாஸ்டிக் குழாயிலும், சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலும் முடிவு பொய்யாகும். பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது.

கட்டு விரியன் கடித்திருந்தால் ரத்தம் உறைந்து இந்தச் சோதனை சரியாகவே வரும், அதை நம்பி வீட்டுக்கு அனுப்பினால் ஆள் போய்விடுவார். தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்று வலி, தொண்டை இறுக்கம் என்று எழுந்து, இமை தூக்க முடியாமல் இருந்தால் கடித்த தடம் தெரியாவிட்டாலும் கட்டு விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விஷமுறிவு மருந்து தொடக்கத்தில் பொதுவாக 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவு, பாம்பு ஆள் பார்த்து அளந்து விடுவதில்லை. ஒவ்வாமைக்கு அட்ரினலின் ஊசியில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும். மாற்றி அனுப்பும்போது மூச்சுத் தளர்ந்தால் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையால் 6 வினாடிக்கு ஒரு மூச்சு, வென்டிலேட்டர் கிடைக்கும் வரை. கை ஓயும், எனவே வண்டியில் இரண்டு பேர் ஏறுங்கள்.

திருப்பத்தூர் சாலையோரக் கடைக்காரர்: விபத்தில் தூக்கிவிட்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமா?

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, 2019 திருத்தத்தில் வந்தது, உதவியவரைக் காக்கிறது. பெயர் சொல்லக் கட்டாயம் இல்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவுக்கு 2021-ல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையும் பணம் கேட்கக் கூடாது.

காரைக்குடி: மின் ஸ்கூட்டரை முகப்பில் சார்ஜ் போடுகிறோம். சரியா?

தூங்கும்போது வேண்டாம், வெளியேறும் வாசலை மறித்தும் வேண்டாம். லித்தியம் பேட்டரி எரிந்தால் பவுடர் வெளித் தீயை மட்டும் அணைக்கும், உள்ளே செல் சங்கிலியாகச் சூடேறிக்கொண்டே இருக்கும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும், ஆனால் முதலில் சார்ஜர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு. அணைந்த பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றும், எனவே வண்டியைத் திறந்த வெளியில் தனியாக நிறுத்துங்கள்.