எக்கோ ரிப்போர்ட்டில் 'லெஃப்ட் எஸ்.வி.சி.' என்று வந்தால்?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த எக்கோவில், கரோனரி சைனஸ் விரிந்திருக்கிறது, பெர்சிஸ்டென்ட் லெஃப்ட் எஸ்.வி.சி. இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இதற்கும் ஆபரேஷன் வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நாம் கருவில் இருக்கும்போது தலை, கைகளிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவர வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என இரண்டு பெரிய சிரைகள் இருக்கும். பிறகு இடது பக்கத்து ரத்தமும் குறுக்கே வலது பக்கம் திரும்பிவிடுவதால் இடது சிரைக்கு வேலையில்லாமல் போய், சுருங்கி ஒரு நார் மாதிரி ஆகிவிடும். சிலருக்கு அது சுருங்குவதில்லை. அப்படித் தங்கிவிட்ட இடது சிரையைத்தான் 'பெர்சிஸ்டென்ட் லெஃப்ட் எஸ்.வி.சி.' என்கிறார்கள் (எஸ்.வி.சி. என்றால் மேற்பெருஞ்சிரை). 1,000 பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இப்படி இருக்கும். உங்கள் கணவருக்கும் அப்படித்தான் இருக்கலாம், அதாவது பிறந்ததிலிருந்தே இருப்பது, இப்போது புதிதாக வந்த நோய் அல்ல.

அந்த இடது சிரை எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் முக்கியம். சுமார் 90 சதவீதம் பேருக்கு அது இதயத்தின் பின்புறமுள்ள கரோனரி சைனஸ் (இதயத் தசையின் அசுத்த ரத்தத்தைச் சேர்க்கும் சிரை) வழியாக வலது மேலறைக்கே போகிறது. அசுத்த ரத்தம் போக வேண்டிய அறையும் அதுதான், வழி மட்டும் வேறு. கூடுதல் ரத்தம் பாய்வதால் கரோனரி சைனஸ் விரிந்து தெரியும். மீதிப் பேருக்கு இடது மேலறையில் கலந்துவிடும். அப்போது அசுத்த ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் நேராக உடலுக்குள் போகும், ஆக்சிஜன் அளவு குறையலாம், சிறு ரத்தக்கட்டியோ காற்றுக்குமிழியோ மூளைக்குப் போய்விடும் ஆபத்தும் உண்டு. அதற்குத்தான் சிகிச்சை தேவைப்படும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. குலுக்கிய சலைனை இடது கை நரம்பில் ஏற்றி எக்கோவில் பார்ப்பார்கள், 'பபிள் டெஸ்ட்' என்று சொல்வார்கள். குமிழிகள் முதலில் கரோனரி சைனஸிலும் அப்புறம் வலது மேலறையிலும் தெரிந்தால் நிம்மதி. வலது கையிலும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் அபூர்வமாகச் சிலருக்கு வலது சிரையே இருக்காது. இதயத்தில் ஓட்டை போன்ற வேறு பிறவிக் குறை இல்லை என்பதையும் அந்த எக்கோவிலேயே பார்த்துவிடலாம். படபடப்பு வருகிறது என்று அவர் எப்போதாவது சொல்லியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், இவர்களில் சிலருக்கு இதயத் துடிப்பு சீரற்றுப் போவதுண்டு.

சரி, குடலிறக்க ஆபரேஷன்? இந்தச் சோதனைகள் சரியாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் மயக்க மருந்து டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் கட்டாயம் காட்டுங்கள். பிற்காலத்தில் கழுத்தில் இடது பக்கம் சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் செலுத்தும் குழாய்) போடவோ, பேஸ்மேக்கர் பொருத்தவோ, இதய ஆபரேஷன் செய்யவோ நேர்ந்தால் வயர் எதிர்பாராத பாதையில் போகும், முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் வலது பக்கத்தைத் தேர்ந்தெடுப்பார். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அவர் போனிலும் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.