நெப்டியூன் 23 வில்செக்கன் தள்ளி விழுவது ஏன்?

தம்பி, நிலாவெளியில் எடுத்த படத்தில் நெப்டியூன், ஜேபிஎல் ஹொரைசன்ஸ் (கோள்களின் இடத்தைக் கணித்துத் தரும் நாசாவின் இணையச் சேவை) காட்டும் இடத்துக்கு 23 வில்செக்கன் (ஒரு வில்செக்கன் என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) கிழக்கே நிற்கிறது என்றீர்கள். தொலைநோக்கியைக் கழற்றாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். சூரியனுக்கு நேரெதிரே வரும் நாட்களில் நெப்டியூன் மணித்தியாலத்துக்கு 4 வில்செக்கனுக்குக் கொஞ்சம் மேலாக மேற்கே நகரும், அதை ஐந்தரையால் பெருக்கினால் உங்கள் 23 அப்படியே வந்துவிடும். கமராவில் இலங்கை நேரம் ஓட, நீங்கள் அதை ஐந்தரை மணித்தியாலம் பிந்தி ஓடும் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று கொடுத்திருக்கிறீர்கள். (நானும் இதே கூத்தை அடித்தவன்தான்.) திருத்தின பிறகும் 0.3 வில்செக்கன் அளவுக்கு இழுபட்டால், பார்க்கும் இடம் மாறினாலே கோள் அவ்வளவு தள்ளித் தெரியும் என்பதால், கணிப்பைப் பூமியின் மையத்துக்கு எடுத்தீர்களா, திருகோணமலைக்கா என்று பாருங்கள். அப்புறம், கடற்பக்கம் தாழ்வாக நிற்கும்போது எடுக்க வேண்டாம், புள்ளி ஊதிப்போகும். படத்தில் இடத்தை அளக்க, ஒப்பிட கையா அட்டவணை (கையா விண்கலம் துல்லியமாக அளந்த நட்சத்திர இடங்களின் பட்டியல்) நட்சத்திரங்கள் போதும்.