1898, 1968, மறுஅச்சு: இடைக்கால ஆங்கிலச் சட்ட நூல்களில் எதை வாங்குவது?

கேள்வி: லண்டனில் சட்ட வரலாறு முதுகலையில் சேர்ந்திருக்கிறேன். இடைக்கால இங்கிலாந்துதான் என் பகுதி. ஆங்கிலச் சட்ட வரலாறு பற்றிய பொல்லக்–மெய்ட்லண்ட் நூலை இணையத்தில் தேடினால் ஒரே தலைப்பில் 1895, 1898, 1968, 2010 என்று வரிசையாக வருகின்றன. ஆண்டே போடாத புது மறுஅச்சுகளும் உண்டு. பிராக்டன் (13-ஆம் நூற்றாண்டு லத்தீன் சட்ட நூல்), இயர் புக்ஸ் (இடைக்கால வழக்குக் குறிப்புகள்) ஆகியவற்றிலும் இதே குழப்பம். கையில் அதிகப் பணம் இல்லை. எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது?

பதில்: இந்தத் துறையில் அட்டையையும் தாளையும்விடப் பக்க எண்தான் முக்கியம். நூறாண்டுக்கும் மேலாக வந்த ஆய்வுகளின் அடிக்குறிப்புகள் ஒவ்வொரு மூல நூலுக்கும் ஏதோ ஒரு பதிப்பின் பக்கத்தையே காட்டுகின்றன. அந்தப் பதிப்போ, அதே பக்க எண்ணைக் காப்பாற்றிய மறுஅச்சோ கையில் இருந்தால் அடிக்குறிப்பைப் பார்த்ததும் நேரே இடத்துக்குப் போய்விடலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பொருளடக்கத்தில் துழாவ வேண்டியதுதான். ஆகவே "புத்தகம் எவ்வளவு புதிது?" என்று கேட்பதற்கு முன் "இது எந்தப் பதிப்பு?" என்று கேளுங்கள்.

பொல்லக்–மெய்ட்லண்டின் முதல் பதிப்பு 1895, இரண்டாம் பதிப்பு 1898. எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1898-ஐத்தான். விற்பனையாளர் ஆண்டைச் சொல்லாவிட்டாலும் முதல் தொகுதியின் பொருளடக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் தெரிந்துவிடும். முதல் அத்தியாயம் சட்ட வரலாற்றின் 'இருண்ட காலம்' பற்றியது என்றால் அது இரண்டாம் பதிப்பு. அந்த அத்தியாயத்தை மெய்ட்லண்ட் 1898-க்காகப் புதிதாக எழுதிச் சேர்த்தார். இன்னொரு அடையாளமும் உண்டு. முதல் பதிப்பில் 'கற்பனை நபர்கள்' என்ற தலைப்பில் இருந்த பகுதி இரண்டாம் பதிப்பில் திருத்தி எழுதப்பட்டு 'கார்ப்பரேஷன்களும் தேவாலயங்களும்' என்று மாறியது. முதல் பதிப்பு சேகரிப்பாளருக்கு உரியது, மாணவருக்கு வேண்டாம்.

உங்களுக்கு என் பரிந்துரை 1968-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட மறுஅச்சு. 1898-இன் பக்கங்களை அப்படியே வைத்து, முன்னால் சட்ட வரலாற்றாசிரியர் மில்சமின் நீண்ட அறிமுகத்தைச் சேர்த்திருக்கிறார்கள். மெய்ட்லண்டை மதித்துக்கொண்டே அவரோடு வாதிடும் அறிமுகம் அது. அதைப் படிக்காமல் மெய்ட்லண்டை இன்று படிப்பது பாதிப் படிப்புதான். லிபர்ட்டி ஃபண்டின் 2010 மறுஅச்சும் இரண்டாம் பதிப்பைப் பின்பற்றுகிறது. அதுவானாலும், புதிதாக எழுத்துக் கோத்த வேறு எந்த மறுஅச்சானாலும், பழைய பக்க எண் உள்ளேயோ ஓரத்திலோ குறிக்கப்பட்டிருக்கிறதா என்று மாதிரிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டு தொகுதிகளையும் சேர்த்தே வாங்குங்கள். சொல்லடைவு இரண்டாம் தொகுதியின் இறுதியில் இருப்பதால் முதல் தொகுதி மட்டும் மலிவாகக் கிடைத்தாலும் பாதிப் பயன்தான்.

ஆண்டு போடாத மறுஅச்சுகள் பெரும்பாலும் 'பிரிண்ட் ஆன் டிமாண்ட்' வகை. இணைய நூலகம் ஏதோவொன்றிலுள்ள ஸ்கேனை எடுத்து, நீங்கள் பணம் கட்டிய பிறகு ஒரே ஒரு பிரதி அடிப்பார்கள். இதில் இரண்டு ரகம். பக்கத்தைப் படமாகவே அச்சிட்ட பிரதி ஓரளவு தேறும். எழுத்தறியும் மென்பொருள் படித்துக் கொடுத்ததை அச்சிட்ட பிரதி தேறாது. சட்ட வரலாற்று நூலில் பக்கத்தின் கீழ்ப்பாதி முழுவதும் லத்தீன், பழைய பிரெஞ்சு, ஆண்டெண், சுருக்கக் குறி என்று அடிக்குறிப்புகளாகவே இருக்கும். மென்பொருள் அவற்றை மேலே உள்ள வாக்கியத்தின் நடுவில் கொண்டுவந்து செருகிவிடும். ஒன்று என்ற எண்ணை 'எல்' என்ற எழுத்தாக்கும். பழைய நீள 'எஸ்'ஸை 'எஃப்' ஆக்கும். மன்னர் ஆட்சியாண்டு 1 என்பது எழுத்தாகிப் போனபின் அந்த மேற்கோளால் என்ன பயன்? பட ரகத்திலும் ஓரக் குறிப்புகள் வெட்டுப்பட்டிருக்கலாம். மடித்து வைத்த அட்டவணை மடித்தபடியே ஸ்கேன் ஆகியிருக்கலாம். மறுஅச்சிடுபவர் யாரும் மூலப் பிரதியைப் பக்கம் பக்கமாகச் சரிபார்ப்பதில்லை என்பதே இந்தக் குறைகளுக்கெல்லாம் காரணம்.

இணையப் பக்கத்திலேயே அடையாளம் காண ஒரு வழி உண்டு. ஐஎஸ்பிஎன் எண் 1970 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. 978 எனத் தொடங்கும் 13 இலக்க வடிவம் 2007-இலிருந்து. 'பதிப்பு: 1898' என்று போட்டு, கீழே 978 எண்ணும் போட்டிருந்தால் உங்கள் வீட்டுக்கு வரப்போவது மறுஅச்சுதான். அங்கே காட்டும் முன்னோட்டப் பக்கங்களும் வாசகர் மதிப்புரைகளும் வேறொரு பதிப்புடையவையாக இருக்கலாம். தளங்கள் தலைப்பைப் பார்த்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துவிடும்.

பிராக்டனில் பதிப்பைத் தவறவிட்டால் இழப்பு பெரிது. 1878 முதல் 1883 வரை ரோல்ஸ் வரிசையில் (இடைக்கால மூலங்களின் பிரிட்டிஷ் அரசு வெளியீடு) ட்விஸ் ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த பதிப்புதான் காப்புரிமை தீர்ந்து எங்கும் மறுஅச்சாகக் கிடைக்கிறது. அதன் மொழிபெயர்ப்பு பிழை மலிந்தது என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்ததே. நல்ல தாளில், நல்ல அட்டையில் வந்தாலும் வாங்க வேண்டாம். வேண்டியது வுட்பைன் பதிப்பித்த லத்தீன் மூலத்தோடு தோர்ன் மொழிபெயர்த்த நான்கு தொகுதிகள். ஆங்கிலச் சட்ட வரலாற்று மூலங்களை வெளியிடும் செல்டன் சொசைட்டியுடன் சேர்ந்து ஹார்வர்டு 1968–1977-இல் வெளியிட்டது. லத்தீனும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும். 1569-ஆம் ஆண்டு அச்சின் ஏட்டெண்ணும் (பக்கத்துக்கு அல்லாமல் தாளுக்கு இட்ட எண்) குறிக்கப்பட்டிருப்பதால் பழைய நூல்களின் மேற்கோள்களையும் பிடித்துவிடலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதல் தொகுதி மட்டும் தனியே மலிவாக விற்பனைக்கு வரும். ஆனால் அதில் இருப்பது கையெழுத்துப் படிகளைப் பற்றிய அறிமுகம் மட்டுமே. பிராக்டனின் மூலம் இரண்டாம் தொகுதியின் 19-ஆம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. உதிரியாக ஒரே ஒன்று வாங்க முடியுமென்றால் இரண்டாம் தொகுதியை வாங்குங்கள். பணம் இல்லையென்றால் எதையும் வாங்க வேண்டாம்: மூலமும் தோர்னின் மொழிபெயர்ப்பும் ஹார்வர்டின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

கிளான்வில் (12-ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல்) எளிது. ஹால் பதிப்பித்த 1965 நெல்சன் வெளியீடோ, 1993-இல் கிளான்சியின் வாசிப்புக் குறிப்புடன் ஆக்ஸ்ஃபோர்டு மறுஅச்சிட்டதோ, எது முதலில் கிடைக்கிறதோ அது போதும். கிளான்விலை எல்லோரும் 14 புத்தகங்களின் அத்தியாய எண்ணால் சுட்டுவதால் பக்க எண் தொல்லை குறைவு. 1812-இல் பீம்ஸ் செய்த மொழிபெயர்ப்பின் மறுஅச்சுகளை ஒதுக்கிவிடுங்கள்; லத்தீன் இல்லாத பிரதியால் உங்கள் படிப்புக்குப் பயனில்லை.

இயர் புக்ஸை இப்போதைக்கு வாங்காதீர்கள். 1678–80-இல் வந்த அச்சு பெரிய ஃபோலியோ அளவில், 'பிளாக் லெட்டர்' எனும் பழைய தடித்த கோண எழுத்தில், சுருக்கக் குறிகள் நிறைந்த சட்ட பிரெஞ்சில் (இடைக்கால ஆங்கில நீதிமன்றங்கள் பயன்படுத்திய பிரெஞ்சு) 11 பகுதிகளாக இருக்கிறது. அதைச் சிறிய அளவுக்குச் சுருக்கி அடித்த மறுஅச்சில் சுருக்கக் கோடுகளே மறைந்துபோகும். கோடு போனால் சொல்லே மாறிவிடும். போஸ்டன் பல்கலைக்கழகத்தில் சைப் உருவாக்கிய இலவசத் தரவுத்தளத்தில் வழக்கைத் தேடி, பிறகு நூலகத்தில் மூலத்தைப் பாருங்கள். இரண்டாம் எட்வர்ட் காலத்து வழக்குகளை செல்டன் சொசைட்டி மொழிபெயர்ப்போடு தொகுதி தொகுதியாக வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஆய்வு எந்த ஆண்டில் வந்து நிற்கிறது என்று தெரிந்த பிறகு அந்த ஒரு தொகுதியை வாங்கலாம். 1835-இல் பால்கிரேவ் பதிப்பித்த அரச நீதிமன்ற ஏடுகள் போல, கையெழுத்துச் சுருக்கங்களையே உலோக எழுத்தாக வார்த்து அச்சிட்ட நூல்களும் இருக்கின்றன. அவற்றை எந்த மென்பொருளும் ஒழுங்காகப் படிக்காது. படமாக அடித்த பிரதியைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள்.

குறைந்த செலவில் நிறையத் தருபவையும் உண்டு. வழக்கு வடிவங்களை (எந்தக் குறைக்கு எந்த முறையில் வழக்குத் தொடுப்பது என்பதை)ப் பற்றிய மெய்ட்லண்டின் சொற்பொழிவுகள் 1909-இல் அவருடைய 'ஈக்விட்டி' (நியாயமுறைச் சட்டம்) நூலோடு ஒரே கட்டாக வந்தன. 1936-இல் தனித்தனியாகப் பிரிந்தன. 1909 கட்டு கிடைத்தால் இரண்டும் உங்களுக்கு. 1936 'ஈக்விட்டி'யில் வழக்கு வடிவங்கள் இருக்காது, ஏமாந்துவிடாதீர்கள். பிளக்நெட்டின் சுருக்கமான சட்ட வரலாறு என்றால் 1956-இன் ஐந்தாம் பதிப்பு அல்லது அதன் மறுஅச்சு. ஆங்கிலச் சட்ட வரலாற்றுக்குப் பேக்கர் எழுதிய அறிமுக நூலுக்கு மட்டும் பழையதைத் தேடாமல் 2019-இன் ஐந்தாம் பதிப்பைப் புதிதாகவே வாங்குங்கள். நடப்பு ஆய்வை அறிய அதுதான் வாசல். ஹோல்ட்ஸ்வர்த் எழுதிய ஆங்கிலச் சட்ட வரலாற்றின் 17 தொகுதிகளை அடுக்க உங்கள் அறையில் இடம் இருக்காது. முதல் மூன்று தொகுதிகள் போதும். 1903–1909-இல் வந்த முதல் வடிவத்தை விட்டுவிட்டு, 1922-க்குப் பிந்தைய திருத்திய பதிப்புகளைத் தேடுங்கள். முதல் தொகுதிக்கு, கிரைம்ஸின் கட்டுரையுடன் வந்த 1956-இன் ஏழாம் பதிப்பு சிறந்தது.

பழைய பிரதிக்குப் பணம் கட்டுவதற்கு முன் விற்பனையாளரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசி அச்சுப் பக்கம், முதுகு. நூலகம் கழித்துவிட்ட பிரதியென்றால் தயங்க வேண்டாம். முத்திரையும் முதுகு எண்ணும் படிப்பைக் கெடுக்காது, விலையும் இறங்கும். ஆனால் நூலகம் மறுகட்டு செய்திருந்தால் ஓரம் எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். இந்த நூல்களில் ஏட்டெண் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும். தாளில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை. பூஞ்சண வாடை அடித்தால் வேண்டாம்; அது உங்கள் அலமாரியிலுள்ள மற்றவற்றையும் பிடிக்கும். தோல் அட்டை செம்பொடியாக உதிர்ந்தால் கையும் மேசையும் கறையாகும், துணிக்கட்டுப் பிரதியே மேல். லண்டனில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி: லிங்கன்ஸ் இன் (வழக்கறிஞர் கழக வளாகம்) வளைவு வாயிலில் 1830 முதல் இயங்கும் வைல்டி சட்டப் புத்தகக் கடைக்கு நடந்தே போய்ப் பிரதிகளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். இணையத்தில் பல தொகுதி நூல்களுக்கு எடையைக் காட்டித் தபால் செலவைப் பிறகு கூட்டுவது வழக்கம். மொத்தத் தொகையை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

பார்சல் வந்த அன்றே உட்கார்ந்து பக்கங்களைச் சரிபாருங்கள். எதிரெதிர்ப் பக்க மொழிபெயர்ப்பு உள்ள நூலில் இடப்பக்க லத்தீன் பத்தியின் கடைசிப் பெயர் வலப்பக்க ஆங்கிலத்திலும் கடைசியாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு தாள் விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே தட்டும். சொல்லடைவிலிருந்து பத்து இடங்களை எடுத்து, சொன்ன பக்கத்தில் சொன்னது இருக்கிறதா என்று புரட்டுங்கள். கடைசித் தாளில் பட்டைக் குறியும் அண்மைத் தேதியும் இருந்தால் 'பழைய பிரதி' என்று விற்கப்பட்டது பிரிண்ட் ஆன் டிமாண்ட். பிரிட்டனில் வணிக விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கியதைப் பொதுவாக 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம்; தனிநபரிடம் வாங்கியதற்கு இந்த உரிமை கிடையாது. விவரித்ததற்கு மாறான பிரதி வந்தால் திருப்பி அனுப்பும் செலவையும் விற்பனையாளரிடமே கேளுங்கள். அதற்கு ஆதாரமாக, வாங்கிய அன்று அந்த விற்பனைப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.