டெல்டா சாலையில் சைக்கிள்: வாசகர் கேள்விகள், பதில்கள்

தை பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி காவிரி டெல்டாவைப் பற்றித்தான். மேடு பள்ளம் கிடையாது, பத்து கிலோமீட்டருக்கு ஒரு பழைய ஊர், ஊருக்கு ஒரு நல்ல காபி. ஆசை வருவது நியாயம்தான். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திருச்சியில் கிளம்பி மூன்று நாளில் தரங்கம்பாடி போகிறோம். மூவருமே தினமும் 100 கிலோமீட்டர் ஓட்டக்கூடியவர்கள். வழியில் இன்னும் என்னென்ன ஊர்களைச் சேர்க்கலாம்? (கோவை)

சேர்க்காதீர்கள், குறையுங்கள். நூறு ஓட்டுகிறவருக்கும் டெல்டாவில் நாளுக்கு 65க்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. இங்கே கால் வலித்து யாரும் நிற்பதில்லை. பார்க்க வேண்டியது இருப்பதால்தான் நிற்கிறோம், அதற்கு நேரம் வேண்டும்.

முதல் நாள் திருவானைக்காவலிலிருந்து கல்லணைச் சாலையைப் பிடியுங்கள். கிழக்கே போகப் போக இடது கையில் கொள்ளிடம், வலது கையில் காவிரி. கல்லணையைப் பார்த்துவிட்டுக் கோவிலடி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி. கோவிலடிப் பெருமாளுக்குத் தினமும் அப்பம்தான் நைவேத்தியம். பசியோடு சைக்கிளில் வருகிறவர்களுக்கு வேண்டிய கடவுள். திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. அங்கிருந்து திருவையாறு. தியாகராஜர் சமாதி ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. சாயங்காலம் தெற்கே திரும்பித் தஞ்சாவூர் போய்ப் படுங்கள். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று வரிசையாக ஐந்து பாலங்கள். திருவையாறு என்ற பேர் சும்மா வரவில்லை.

இரண்டாம் நாள் காலையில் பெரிய கோயிலை முடித்துவிட்டு அதே வழியில் திருவையாறு திரும்பி, கபிஸ்தலம், உமையாள்புரம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம். சுவாமிமலையில் முருகனைப் பார்த்ததோடு கிளம்பிவிடாதீர்கள். ஸ்தபதிகளின் பட்டறைகளில் மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காய வைத்திருப்பார்கள். பிறகு சூடு காட்டி மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். நீங்கள் காலையிலிருந்து ஒட்டி ஓட்டிவந்த ஆற்றின் மண் அது.

மூன்றாம் நாள் திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, திருக்கடையூர், தரங்கம்பாடி. சுமார் 65 கிலோமீட்டர். மயிலாடுதுறை வரைக்கும் பஸ் போக்குவரத்து அதிகம். ஆறு மணிக்கே கிளம்புங்கள். தரங்கம்பாடிக்குள் நகர வாயிலைத் தாண்டி நுழைந்தால் ராஜ வீதி. டேனிஷ்காரர்கள் 1620ல் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை, 1718ல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம், 1715ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கின் நினைவுகள் எல்லாம் நடந்தே பார்க்கிற தூரம். சைக்கிளை ஓரம்கட்டிவிடலாம்.

தஞ்சாவூர்–கும்பகோணத்துக்குப் புதிய நான்குவழிச் சாலை நல்லதா, பாபநாசம் வழியாகப் போகும் பழைய சாலை நல்லதா?

இரண்டும் வேண்டாம். மேலே சொன்ன திருவையாறு வழிதான். நான்குவழிச் சாலையில் நிழல் இல்லை, ஊர் இல்லை. ஓரத்தில் எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள்கள் மட்டும் உண்டு. பழைய சாலையில் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும்போது உங்களுக்கு மிச்சமிருப்பது மண் ஓரம்தான்.

ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தால் மேலே ஏற்றிப் போகலாமா? கார்களெல்லாம் போகின்றனவே? (பெங்களூரு)

போகாதீர்கள். மரியாதைக்காகவும்தான், உங்கள் பல்லுக்காகவும்தான்.

முதலில் அவர்கள் ஏன் ரோட்டில் காயப்போடுகிறார்கள் என்பதைப் பார்ப்போம். அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள் என்பது விதி. அவ்வப்போது தளர்த்துவதும் உண்டு. அறுவடை இயந்திரம் அறுத்துக் கொட்டுகிற நெல்லில் ஈரம் அதைவிட அதிகம். பழைய காலக் களங்கள் எத்தனை ஊரில் மிச்சம்? சூடேறிக் கிடக்கும் தார்ச் சாலைதான் கையெட்டும் தூரத்தில் இருக்கும் களம். பொங்கலை ஒட்டிய வாரங்களில் சம்பா, செப்டம்பர், அக்டோபரில் குறுவை, அதற்கப்புறம் மாசி, பங்குனியில் உளுந்து, பயறு. ஆக வருஷத்தில் பல மாதம் சாலையின் ஒரு பாதி அவர்களுடையது.

தார் மேல் இரண்டு விரல் கனத்துக்குக் கிடக்கும் காய்ந்த நெல், 28 மில்லிமீட்டர் டயருக்கு பால்பேரிங் குண்டுகளைக் கொட்டிவைத்த மாதிரி. நேராகப் போகிறவரை ஒன்றும் தெரியாது. ஹேண்டில்பாரை லேசாகத் திருப்பினாலோ முன் பிரேக்கைத் தொட்டாலோ சக்கரம் வழுக்கிவிடும். தப்பித்தவறி ஏறிவிட்டால் மிதிப்பதை விடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், உருண்டு போய் வெளியே வந்த பிறகு நில்லுங்கள்.

வைக்கோல் வேறு விதம். பின் டெரெய்லரின் (செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் பாகம்) இரண்டு குட்டிச் சக்கரங்களுக்கு நடுவே நுழைந்து சுற்றிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் அழுத்தி மிதித்தால் அதை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கரே முறியலாம். வைக்கோல் கிடக்கும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது அவமானமில்லை. சாயங்காலம் அறைக்குப் போனதும் செயினைத் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். எண்ணெயில் ஒட்டிய சுணையும் தூசியும் மறுநாளைக்குள் பசையாகிவிடும்.

இன்னொன்று, இருட்டில் ஓட்டவே வேண்டாம். நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, வண்டிகள் ஏறாமலிருக்கச் சுற்றிலும் கருங்கல்லும் பனைமரத் துண்டும் வைத்திருப்பார்கள். அவற்றின் மேல் விளக்கு ஏது? அறுவடை வயலிலிருந்து டிராக்டர் ஏறிவரும் இடங்களில் சாலையில் களிமண் அப்பிக் கிடக்கும். காய்ந்திருந்தால் வெறும் குலுக்கல். பனியில் நனைந்திருந்தால் சறுக்கல்.

எந்த மாதம் போகலாம்? எந்தத் திசையில் ஓட்டுவது சுலபம்?

ஜனவரி, பிப்ரவரி. மழை முடிந்து வெயில் ஏறாத காலம். மார்கழி, தை விடியலில் வயல்வெளியில் பனி மூட்டம் இருக்கும். பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதைத் தவிருங்கள்.

நிலத்தின் சாய்வை நம்பித் திசையைத் தீர்மானிக்க வேண்டாம். தஞ்சாவூரிலிருந்து கடல் வரை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காது. டெல்டாவில் ஏற்றம் என்றால் அது காற்றுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சைக்கிள்காரர்களுக்குப் பழமொழி அல்ல, முன்னெச்சரிக்கை. அந்த மாதங்களில் திருச்சியிலிருந்து கடலை நோக்கி ஓட்டினால் முதுகில் கை வைத்துத் தள்ளும். அதே சாலையில் திரும்பி ஓட்டிப்பார்க்க நினைப்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம், நான் வரவில்லை. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12ல் திறந்திருந்தால் ஆடியில் ஆறும் வாய்க்காலும் நிறைந்து ஓடும், அது ஒன்றுதான் அந்தப் பருவத்துக்கு இழுக்கும். தை மாதத்தில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து எதிர்க்கும். அதனால் காலையிலேயே தூரத்தை முடித்துவிடுங்கள்.

சைக்கிள் டிரவுசரோடு கோயிலுக்குள் போகலாமா? சைக்கிளை எங்கே விடுவது?

ஒரு மெல்லிய நான்கு முழ வேட்டியை மடித்து சீட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டிரவுசருக்கு மேலேயே கட்டிக்கொள்ளலாம். பெண்கள் ஒரு தளர்வான பேண்ட்டும் துப்பட்டாவும் வைத்துக்கொண்டால் போதும். பெடலில் மாட்டுகிற கிளீட் ஷூ இந்தப் பயணத்துக்கு வேண்டாம், சாதாரண ஷூதான் சரி. நாளுக்குப் பத்து தடவை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

சைக்கிளைச் செருப்பு விடும் இடத்திலோ பூக்கடையிலோ சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். ஒரு முழம் பூ வாங்கினால் காவலுக்குக் குறைவிருக்காது.

நேரம்தான் முக்கியம். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். திறந்திருந்தாலும் மத்தியானக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்துக்கு மாலை நாலரைக்குப் போங்கள். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில், 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முன்மண்டபத்தைத் தேராகவே செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல் சக்கரத்தின் ஆரங்களையும் குடத்தையும் கிட்டப்போய்ப் பாருங்கள். சக்கரம் கோணல் எடுக்கத் தெரிந்தவருக்கு அது தனி ரசனை.

எனக்கு 61 வயது. என்னிடம் இருப்பது கியர் இல்லாத பழைய கறுப்பு சைக்கிள். ஒரே நாளில் சுற்ற ஏதாவது வழி உண்டா? (திருவாரூர்)

உண்டு ஐயா. டெல்டா அந்த சைக்கிளுக்கென்றே ஆன நிலம். கும்பகோணத்தில் தங்கி, காலையில் தாராசுரம், பட்டீஸ்வரம், பழையாறை போய் வாருங்கள். மொத்தம் 20 கிலோமீட்டர் அளவில்தான் வரும். பழையாறை ஒரு காலத்தில் சோழர்களின் இன்னொரு தலைநகர். இன்று வாழைத் தோப்புக்கும் வயலுக்கும் நடுவே சில கோயில்கள்தான் அதற்குச் சாட்சி. கிளம்புமுன் பிரேக் கட்டையை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள். அதுபோதும்.

பவுடர் பானங்களுக்குப் பதில் இளநீர் மட்டும் குடித்தால் போதாதா?

போதாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட நீர்மோரோ எலுமிச்சை ஜூஸோ நடுநடுவே சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். சாப்பாட்டுக்கு இட்லியும் வாழைப்பழமும். திருவையாற்று அசோகா அல்வாவை ஓட்டி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்தது, சாப்பிட்டதும் சைக்கிளில் ஏற மனசு வராது.

பஞ்சர் ஆனால் ஊர்க் கடைகளில் ஒட்டுவார்களா?

ஒட்டுவார்கள், நன்றாகவே ஒட்டுவார்கள். காற்றடிப்பதில்தான் சிக்கல். உங்கள் டியூபில் இருப்பது மெலிந்த பிரெஸ்டா வால்வு. கடை பம்ப் அதற்குச் சேராது. ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வாங்கி வால்விலேயே திருகி வையுங்கள். ரோடு சைக்கிள்களின் 700சி அளவு டியூப் சிறிய ஊர்களில் கிடைப்பது கஷ்டம், ஆளுக்கு இரண்டு எடுத்துப் போங்கள். ஆற்றங்கரையில் சைக்கிளைப் படுக்கப்போடாதீர்கள், சீமைக்கருவேல முள் டயரையும் துளைக்கும். 32 மில்லிமீட்டர் டயர் பொருந்துகிற சைக்கிளாக இருந்தால் அதையே போடுங்கள்.

திரும்பி வர ரயிலில் சைக்கிளை ஏற்ற முடியுமா?

தரங்கம்பாடிக்கு இப்போது ரயில் இல்லை. மயிலாடுதுறைக்குத் திரும்பி ஓட்டி வர வேண்டும். அங்கே பார்சல் அலுவலகத்தில் பயணச் சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதியலாம். ரயிலில் சரக்குப் பெட்டி இருக்கிறதா, அதில் இடம் இருக்கிறதா என்று முதல் நாளே நேரில் போய்க் கேளுங்கள். டெரெய்லர் பக்கத்தை அட்டை வைத்துக் கட்டி, பெடலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பேரும் போகிற ஊரும் எழுதிய சீட்டை ஃபிரேமில் இரண்டு இடத்தில் ஒட்டிவிடுங்கள்.