கார் பழகுவது: பத்து நாள் தொடராகவா, ஞாயிறு ஞாயிறாகவா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பதினான்கு வருடமாகக் கார் ஓடப் பழக்குகிறேன். தொடராகப் பத்து நாள் வகுப்பில் சேர்ந்து முடிப்பதா, கிழமைக்கு ஒரு நாள் போய் ஆறுதலாகப் பழகுவதா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவருடைய நிலையும் வேறு என்பதால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு ஆசிரியை: எனக்கு ஞாயிறு மட்டும்தான் நேரம் அண்ணா. ஐந்து கிழமை போய்விட்டேன், ஒவ்வொரு ஞாயிறும் முதலில் இருந்து தொடங்குவது போலவே இருக்கிறது. எனக்கு இது வராதா?

வரும் ரீச்சர். பிழை உங்களில் இல்லை, நடுவில் போகிற ஆறு நாளில்தான் இருக்கிறது. கிளட்ச் என்பது மூளைக்கு விளங்கினால் போதாது, இடது காலுக்குப் பழகவேண்டும், புதிதாகப் பழகிய கால் ஆறு நாள் சும்மா இருந்தால் பழகியதை விட்டுவிடும். ஆகவே தொடக்கத்துக்கு ஞாயிறு வகுப்பு சரிவராது. பாடசாலை விடுமுறையில் இரண்டு கிழமையைப் பிடியுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், நாற்பது நிமிடம் போதும். கார் நிற்காமல் கிளம்பவும் பார்க்காமல் கியர் மாற்றவும் வந்த பிறகு ஞாயிறு வகுப்பே உங்களுக்குத் தாராளம்.

அதுவரைக்கும் ஒன்று செய்து பாருங்கள். பழக்குபவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறும் சமதரையில் முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கனக்கும், இருக்கை சாடையாக அதிரும், காரின் மூக்கு கொஞ்சம் எழும்பும். அந்த இடத்தில் காலை அசையாமல் பிடித்து மூன்று எண்ணிவிட்டு மறுபடி அமத்துங்கள். இருபது தரம். கண்ணால் ஒன்றும் பார்க்காமல் அந்த இடத்தைப் பாதம் தானாகக் கண்டுபிடிக்கும் நாளில் பாதிக் கார் பழகியாயிற்று.

வவுனியாவில் இருந்து ஒரு தம்பி: இரண்டு மாதத்தில் வெளிநாடு போகிறேன். பத்து நாள் வகுப்பு எடுத்தால் லைசன்ஸோடு போகலாமா?

கணக்கு சரிவராது தம்பி. மருத்துவச் சான்றிதழ் எடுத்து, நாற்பது கேள்வி உள்ள எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து, அதற்குப் பிறகு மூன்று மாதம் போனால்தான் ட்ரயலுக்கு, அதாவது ஓடிக் காட்டும் பரீட்சைக்கு, நிற்கலாம். பயிலுனர் அனுமதிப்பத்திரம் பதினெட்டு மாதம் செல்லும் என்பதால், இப்போது எழுத்துப் பரீட்சையை முடித்துவிட்டுப் போய், அந்தக் காலத்துக்குள் லீவில் வரும்போது ட்ரயலுக்கு நிற்கலாம். பத்து நாள் வகுப்பை அந்த வரவுக்கு, ட்ரயலுக்கு முன்னால் வையுங்கள். இப்போது பழகிவிட்டு மாதக்கணக்கில் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்தால் கட்டிய காசு வீண்.

மாங்குளத்தில் இருந்து: பத்து வருடமாக மோட்டார் சைக்கிள் ஓடுகிறேன். எனக்கும் மூன்று மாத வகுப்பு வேணுமா?

வேண்டாம். தெருவை வாசிக்க உங்களுக்குத் தெரியும். எதிரே வருகிறவன் திரும்பப் போகிறானா, சைக்கிளில் போகிற பிள்ளை சறுக்கி உள்ளே வருமா என்பதெல்லாம் பழகிப்போன விடயம். உங்களைப் போன்றவர்களுக்குத் தொடர் வகுப்பு நன்றாக ஒத்துவரும். ஐந்தாறு நாள், தினமும் ஒரு மணித்தியாலம். கையில் இருந்த கிளட்ச் காலுக்கு மாறுகிறது, அதோடு வண்டியின் அகலம். என்னிடம் வந்த மோட்டார் சைக்கிள்காரர் பெரும்பாலும் இடது பக்கத்தைத்தான் உரசினார்கள், ஏனென்றால் உடம்பு நுழைகிற இடைவெளியில் வண்டியும் நுழையும் என்று பத்து வருடமாகப் பழகியிருக்கிறார்கள். இரண்டு தகரப் பேணியைக் கார் அகலத்தை விட ஒரு முழம் கூட விட்டு வைத்து அதற்குள்ளால் முன்னும் பின்னும் போய் வாருங்கள்.

வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்: பரீட்சை முடிந்து ஒரு கிழமை கையில் இருக்கிறது. நாளுக்கு நாலு மணித்தியாலம் ஓடினால் கெதியாகப் பிடிபடாதா?

பிடிபட்டது போல இருக்கும். பிரித்தானியாவில் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பழக்கியபோது இதையே சோதித்தார்கள், 1978இல் ஆய்வு வெளிவந்தது. நாளுக்கு ஒரு மணித்தியாலம் பழகியவர்களுக்கு, நாளுக்கு நாலு மணித்தியாலம் பழகியவர்களை விடக் குறைந்த மொத்த நேரமே தேவைப்பட்டது. ஆனால் நாள் இழுபட்டதால் அந்த ஒரு மணித்தியாலக்காரருக்குத்தான் தங்கள் முறையில் திருப்தி குறைவு, நாலு மணித்தியாலம் பழகியவர்களோ சந்தோஷமாக இருந்தார்கள். தட்டச்சு வேறு, கார் வேறுதான். என்றாலும் கையும் காலும் பழகுகிற விதம் ஒன்று, நான் பக்கத்து இருக்கையில் இருந்து பார்ப்பதும் இதையே. இரண்டாவது மணித்தியாலத்தில் பிள்ளை கண்ணாடி பார்ப்பதை விட்டுவிடும், மூன்றாவதில் நான் சொல்வதே காதில் ஏறாது. காலை ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் வேண்டாம்.

கிளிநொச்சியில் இருந்து: லேனர்ஸில் (சாரதிப் பயிற்சிப் பள்ளியில்) இருபது மணித்தியால வகுப்பு என்கிறார்கள். போதுமா?

ஸ்டியரிங் உங்கள் கையில் எத்தனை நிமிடம் என்று முதலில் கேளுங்கள். ஒரு வாகனத்தில் நாலு பேரை ஏற்றிப்போய் ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் அது உங்களுக்கு இருபது மணித்தியாலம் ஆகாது. மற்றவர் ஓடும்போது பின்னால் இருந்து பார்ப்பதிலும் பலன் இருக்கிறது, ஆனால் அதற்காகக் காசு கட்டவேண்டியதில்லை.

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு அம்மா, ஐம்பத்தொரு வயது: மகன் வெளிநாட்டில். கார் வீட்டில் சும்மா நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகவாவது பழகவேணும், ஆனால் ஏறி இருந்தாலே கால் நடுங்குகிறது தம்பி.

அம்மா, நடுக்கத்தோடு வந்து நன்றாக ஓடுகிறவர்களைப் பழக்கியிருக்கிறேன், தயங்காமல் தொடங்குங்கள். உங்களுக்குத் தொடர் வகுப்பு வேண்டவே வேண்டாம். கிழமைக்கு இரண்டு நாள், அரை மணித்தியாலம், விடியற்காலை, ஒரே தெரு. முதல் ஒரு மாதத்துக்கு அந்தத் தெருவை மாற்றவேண்டாம் என்று பழக்குபவரிடம் சொல்லிவிடுங்கள், எந்த வளைவு எங்கே வரும் என்று தெரிந்தால் பயம் அரைவாசியாகும். கத்துகிற ஆள் என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். பழக்குகிறவன் கத்தினால் உங்கள் கண் தெருவில் இருக்காது, அவன் முகத்தில்தான் இருக்கும்.

பரந்தனில் இருந்து: லைசன்ஸ் எடுத்து மூன்று மாதம். ட்ரயலில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் ஏ9 பெருந்தெருவில் ஏறப் பயம். இன்னும் வகுப்பு எடுக்கவா?

எடுங்கள், இனி எடுப்பதுதான் உண்மையான வகுப்பு, கிழமைக்கு ஒன்று போதும். பத்து நாளில் பழகியவர்களுக்கு இந்தப் பயம் கூட, ஏனென்றால் அவர்கள் கண்டது ஒரே காலநிலையும் ஒரே நேரமும்தான். மாரி மழையில் ஒரு நாள். இருட்டியபின் ஒரு நாள், பின் வெளிச்சம் இல்லாத ட்ரக்டர் பெட்டியும் நடுத்தெருவில் படுத்திருக்கிற மாடும் கிட்டப் போனால்தான் தெரியும். அறுவடை நேரம் ஒரு நாள், பாதித் தெருவில் நெல் காயும்.

அப்புறம், புகையிரதக் கடவை. எங்கள் பக்கம் பல கடவைகளில் தண்டவாளம் தெருவை விட உயரத்தில் இருக்கிறது. மூன்றாம் கியரில் போய் ஏற்றத்தில் கியர் மாற்ற வெளிக்கிட்டால் கார் தண்டவாளத்திலேயே நின்றுவிடும். கடவைக்கு முன்னாலேயே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பாட்டை அணைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, முதல் கியரிலேயே முழுவதையும் தாண்டுங்கள். தாண்டி முடியும் வரைக்கும் கியரில் கைவைக்க வேண்டாம். காவல் இல்லாத கடவையில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

முதல் பயணத்துக்கு ஒரு ஞாயிறு விடிய ஆறு மணிக்கு, பஸ்கள் கூடுவதற்கு முன்னால், லைசன்ஸ் உள்ள ஒருவரோடு தெற்கே முறிகண்டி மட்டும் போங்கள். பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். அடுத்த ஞாயிறு மாங்குளம்.