நீதிமன்றத்தில் கட்டிய பணத்தை அங்குள்ள அலுவலரே எடுத்துக்கொண்டால் அவரை யார் விசாரிப்பது?

நான் சட்டத்தரணி இல்லை. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். இந்தக் கேள்விக்கான பதிலை அக்காவின் தாபரிப்பு வழக்குக்காக நீதிமன்ற வாசலில் காத்துக் கிடந்துதான் கற்றுக்கொண்டேன். எந்த நீதிமன்றம் என்பதை விட்டுவிடுகிறேன்.

மச்சான் அக்காவைப் பிரிந்து கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார். பிள்ளைகளுக்கான பணத்தை அவர் மாதாமாதம் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும், அக்கா அங்கே வந்து கையெழுத்திட்டு எடுக்க வேண்டும் என்பது கட்டளை. ஒரு கட்டத்தில் நான்கு மாதம் தொடர்ந்து, "இன்னும் கட்டவில்லை" என்றே சிறாப்பர் மேசையில், அதாவது காசாளரிடம், பதில் வந்தது. போய்வரும் ஒவ்வொரு முறையும் அக்காவுக்கு ஒரு நாள் பேர் விழாது, அன்றைய கூலி போய்விடும், பஸ் காசும் கையை விட்டுப் போகும். நாங்கள் மச்சானைத் திட்டாத திட்டு இல்லை. கடைசியில் நிலுவைக்காக அவருக்குப் பிடியாணை பிறந்தது.

அவர் வந்து நின்று, சட்டைப் பையிலிருந்து நான்கு துண்டுகளை எடுத்து நீட்டினார். இரண்டு, இலக்கம் அச்சிட்ட முறையான பற்றுச்சீட்டுகள். மற்ற இரண்டும் அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாள். தொகையும் ஒரு கிறுக்கலும் மட்டும். "புத்தகம் முடிந்துவிட்டது, அடுத்த முறை சரியான துண்டு தருகிறேன்" என்று சொன்னார்களாம். நீதவான் பதிவேடுகளை வரவழைத்தார். இலக்கமிட்ட இரண்டுக்கும் அடிக்கட்டை இருந்ததால் மறுக்க வழியில்லை. கொப்பித் தாள்களுக்குத்தான் பெரிய இழுபறி. மச்சான் உண்மை பேசுவார் என்று எங்கள் வீட்டில் அதுவரை யாரும் நினைத்ததில்லை.

பணம் முழுவதும் திரும்பி வந்தது. சில வாரங்களில் அந்தச் சிறாப்பர் மேசை அலுவலர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். "காசு வந்துவிட்டதே, இன்னும் என்ன?" என்றாள் அக்கா. எனக்கு மனம் ஆறவில்லை. அந்த ஊரிலும் ஒரு சிறாப்பர் மேசை இருக்கும் அல்லவா?

எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் குற்றம் இல்லாமல் போகாது. சிறிது காலத்துக்கு மட்டும் கையாடுவதும் கையாடலே என்று தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. அரச ஊழியர் தன்னிடம் ஒப்படைத்த பணத்தில் நம்பிக்கை மோசடி செய்தால் 392ஆம் பிரிவின்படி பத்து ஆண்டுகள் வரை சிறை. தண்டப்பணம் போன்ற அரச பணம் என்றால் நிலைமை இன்னும் கடுமை: 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் சட்டம் ஓராண்டுக்குக் குறையாத, இருபதாண்டு வரையான சிறையையும், ஆயிரம் ரூபா அல்லது எடுத்த தொகையின் மூன்று மடங்கு, இவற்றில் எது கூடவோ அந்தத் தண்டத்தையும் வைத்திருக்கிறது.

சரி, யாரிடம் போவது? எங்கள் ஆட்கள் வழக்கம்போல முதலில் ஓடியது தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடமும், அங்கிருந்து ஓர் அமைச்சரின் செயலாளரிடமும். அது வீண் அலைச்சல். பதிவாளர் முதல் எழுதுவினைஞர், மொழிபெயர்ப்பாளர் வரை நீதிமன்ற அலுவலர்களின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை எல்லாம் பிரதம நீதியரசரைத் தலைவராகக் கொண்ட நீதிச் சேவை ஆணைக்குழுவின் கையில்தான் இருக்கின்றன. அமைச்சர் நினைத்தால் பதிவாளரை மாற்றலாம் என்ற நிலை வந்தால் வழக்குக் கோப்புகளின் கதி என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையில்லை. ஆகவே முறைப்பாட்டை ஆணைக்குழுவின் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிரதியொன்றை அந்த நீதிமன்ற நீதிபதிக்கும் அனுப்புங்கள்.

ஆனால் ஒழுக்காற்று விசாரணை வேறு, குற்ற வழக்கு வேறு. பின்னதற்குப் பொலிஸ் இருக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவும் இருக்கிறது, 1954 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். நட்டத்தை மீட்பது மூன்றாவது சங்கதி. கணக்காய்வாளர் நாயகம் இதற்குள் வருவார். கணக்காய்வில் வெளிப்படும் நட்டத்தைப் பொறுப்பானவர்களிடமிருந்தே அறவிட 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வழி செய்திருக்கிறது. மூன்றில் ஒன்று நடந்துவிட்டதைக் காட்டி மற்ற இரண்டையும் மூடிவிடுவதுதான் நம் நாட்டு வழக்கம். எங்கள் விடயத்தில் காசு திரும்பியது, அதற்கு மேல் நடந்தது வெறும் இடமாற்றம்தான்.

உள்ளே என்ன விசாரணை நடந்தது என்று தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் நீதிமன்றங்களும் 'பகிரங்க அதிகாரசபை' என்ற வரைவிலக்கணத்துக்குள் வருகின்றன. தகவல் தருவதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும்.

எதற்கும் முதலில் கையில் துண்டு வேண்டும்: அச்சிட்ட இலக்கம், திகதி, வழக்கிலக்கம், தொகை. புத்தகம் முடிந்துவிட்டது என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். நேரே பதிவாளரின் அறைக்குப் போங்கள்.

மச்சான் இப்போது பற்றுச்சீட்டைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அன்றைக்கே அக்காவுக்கு அனுப்பிவிடுகிறார். இலக்கம் தெளிவாகத் தெரியாவிட்டால் அக்கா "மறுபடி" என்று ஒரு சொல் எழுதுவாள். இருவருக்கும் இடையே பேச்சு அவ்வளவுதான்.