கோருட்டீன் பழக என்ன பயிற்சி செய்யலாம்?

கேள்வி: பைத்தான் ஓரளவு தெரியும், இப்போது கோ மொழி படிக்கிறேன். லூப், ஃபங்ஷன் வரை சிக்கல் இல்லை. கோருட்டீன் (மற்றவற்றோடு ஒரே சமயத்தில் ஓடும் ஃபங்ஷன்), சேனல் (கோருட்டீன்கள் ஒன்றுக்கொன்று தரவு அனுப்பும் வழி) என்று வந்ததும் படிக்கும்போது புரிகிறது, தனியாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எந்த மாதிரிப் பயிற்சிகளில் தொடங்கலாம்?

பதில்: சாட் சர்வர், வெப் கிராலர் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். இப்போதைக்கு இருபது, முப்பது வரியில் முடிகிற புரோகிராம்களாக எழுதுங்கள். ஒவ்வொன்றையும் ஓட்டுவதற்கு முன் என்ன வரும் என்று தாளில் குறித்துவிட்டு ஓட்டுங்கள், குறித்தது ஒன்று வந்தது வேறு என்றால் காரணம் பிடிபடும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

முதலில், ஒரு வரி அச்சிடும் ஃபங்ஷன் எழுதி, மெயினிலிருந்து அதை முன்னால் 'கோ' போட்டு அழையுங்கள். பெரும்பாலும் திரையில் எதுவுமே வராது. மெயின் முடிந்தால் புரோகிராமே முடிந்தது, மற்ற கோருட்டீன்கள் பாதியில் இருந்தாலும் அது காத்திருக்காது. இதற்குப் பலரும் ஒரு விநாடி ஸ்லீப் போட்டுச் சமாளிக்கிறார்கள். ஓடத்தான் செய்யும், ஆனால் வேலை என்றைக்காவது ஒன்றரை விநாடி எடுத்தால் மறுபடி அதே கதைதான், அதனால் தயவுசெய்து அந்தப் பழக்கம் வேண்டாம். கோருட்டீன்கள் முடியும்வரை மெயினைக் காத்திருக்க வைக்கும் வெயிட்குரூப் இருப்பதே இதற்குத்தான்.

அடுத்தது நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்லும் பயிற்சி. ஒரு எண்ணை 0-வில் வைத்து, 1000 கோருட்டீன்களைத் தொடங்கி, ஒவ்வொன்றும் அதில் ஒன்று கூட்டட்டும். எல்லாம் முடியும்வரை காத்திருந்து விடையை அச்சிடுங்கள், இதையே பல முறை ஓட்டுங்கள். ஒரு முறை 1000 வரும், இன்னொரு முறை சில குறையும். பார்வைக்கு ஒரே வரி என்றாலும் உள்ளே மூன்று வேலை நடக்கிறது: எண்ணைப் படிப்பது, ஒன்று கூட்டுவது, திரும்ப எழுதுவது. இரண்டு கோருட்டீன்கள் ஒரே நேரத்தில் 41-ஐப் படித்தால் இரண்டுமே 42 என்று எழுதும், ஒரு கூட்டல் காணாமல் போய்விடும். இனி அதே புரோகிராமை 'ரேஸ்' ஃபிளாக் சேர்த்து ஓட்டினால் எந்த வரியில் மோதல் என்று காட்டிக்கொடுக்கும் (அந்த ஓட்டத்தில் உண்மையிலேயே நடந்த மோதலைத்தான் காட்டும், அது எதுவும் சொல்லவில்லை என்பதற்காகத் தவறே இல்லை என்று நம்பிவிட வேண்டாம்). மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு கோருட்டீனை மட்டும் உள்ளே விடும் பூட்டு) வைத்து ஒரு முறை திருத்துங்கள், பிறகு அழித்துவிட்டு சேனல் வைத்துத் திருத்துங்கள். எது எப்போது எளிது என்பது இரண்டையும் எழுதினால்தான் தெரியும்.

சேனலுக்கும் வேண்டுமென்றே தவறாக ஒன்று எழுதிப் பாருங்கள். பஃபர் (அனுப்பியதை வாங்கும்வரை வைத்திருக்கும் இடம்) இல்லாத சேனலில் மெயினே ஒரு எண்ணை அனுப்பட்டும், வாங்க யாரும் இருக்க வேண்டாம். எல்லா கோருட்டீன்களும் தூங்குகின்றன, டெட்லாக் (யாரும் நகர முடியாத நிலை) என்று பிழை வந்து நிற்கும். வாங்குகிறவர் வரும்வரை அனுப்புகிறவர் நின்றே ஆக வேண்டும், பஃபர் இல்லாத சேனலின் வேலையே அதுதான். கணினி அறிவியலாளர் டோனி ஹோர் 1978-இல் எழுதிய கட்டுரையில் புரோசஸ்கள் இப்படி ஒன்றுக்கொன்று காத்திருந்துதான் பேசிக்கொள்ளும், கோ அங்கிருந்து எடுத்துக்கொண்டது இது. பிறகு ஒரு நீண்ட எண் பட்டியலை நாலாகப் பிரித்து, நாலு கோருட்டீன்களின் கூட்டுத்தொகையைச் சேனல் வழியாக வாங்கி மொத்தம் போடுங்கள். அதுவும் கைக்கு வந்தபின் செலக்ட் (பல சேனல்களில் எது தயாரோ அதை எடுப்பது), டைம்அவுட் (குறித்த நேரத்துக்கு மேல் காத்திருக்காமல் விடுவது).

கேள்வி: கோருட்டீன்களைக் கூட்டிக்கொண்டே போனால் வேகமும் கூடுமா?

பதில்: அப்படியே கூடிவிடாது. ஒரு கோருட்டீன் ஏறக்குறைய 2 கேபி ஸ்டாக்கோடு (தன் வேலைக்கான நினைவகத்தோடு) தொடங்குவதால் ஆயிரக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கணக்குப் போடுவது எண்ணிக்கையில் குறைவான சிபியூ கோர்கள்தான். சின்னக் கூட்டலைப் பிரித்துக் கொடுத்தால் சேனலில் அனுப்பி வாங்கும் செலவிலேயே சாதாரண லூப்பைவிட மெதுவாகிவிடும். நெட்வொர்க் பதிலுக்காகக் காத்திருப்பது போன்ற வேலைகளில்தான் நல்ல பலன்.

கேள்வி: லூப்புக்குள் கோருட்டீன் தொடங்கினால் எல்லாம் கடைசி எண்ணையே அச்சிடும் என்று படித்தேன். எனக்கு அப்படி வரவில்லையே?

பதில்: நீங்கள் படித்தது பழைய விஷயம். முன்பு எல்லாச் சுற்றுக்கும் ஒரே வேரியபிள்தான், 2024-இல் வந்த கோ 1.22 பதிப்பிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வேரியபிள். உங்கள் கோ.மாட் கோப்பில் அதற்கு முந்தைய பதிப்பு எண் இருந்தால் மட்டும் இன்றும் பழையபடியே நடக்கும், அதை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.